ஆணுறை வாங்குவதும் போடுவதும்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டம் பக்கம் மருந்துக்கடை நடத்துகிறேன். ஆணுறை வாங்க வருகிறவர்கள் வாய் திறந்து கேட்பது குறைவு. கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து வருவார்கள், விரலை மட்டும் நீட்டுவார்கள், மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் கிளம்பி விடுவார்கள். சந்தேகம் இருந்தால் பிறகு போனில் வரும். அப்படி வந்த கேள்விகள்தான் இவை. யார் கேட்டது, எந்த ஊர் என்பதெல்லாம் எடுத்து விட்டேன். கல்யாணம் ஆனவர், ஆகாதவர், ஆண், பெண், திருநங்கை யார் படித்தாலும் ரப்பர் நடந்துகொள்ளும் விதம் ஒன்றுதான்.

இதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஒவ்வொரு முறையும், முறையாகப் போட்டால் ஒரு வருடத்தில் 100 ஜோடிகளில் சுமார் 2 பேருக்குத்தான் கர்ப்பம் தரிக்கும். ஆனால் ஊர் உலகத்தில் மனிதர்கள் உண்மையில் பயன்படுத்துகிற விதத்தில் அது சுமார் 13. இந்த 2-க்கும் 13-க்கும் நடுவில் இருப்பது முழுக்க நம் கை வேலை. பாதியில் போடுவது, ஒரு நாள் விட்டு விடுவது, எண்ணெய் தடவுவது, தேதி முடிந்ததைப் போடுவது. "கம்பெனி சரியில்லை, கிழிந்து விட்டது" என்று சொல்கிறவர்களிடம் கொஞ்சம் விசாரித்தால் பெரும்பாலும் இதில் ஒன்று வெளியே வரும்.

நோய்க்கும் இதே கதைதான். எச்.ஐ.வி., வெட்டை, கிளமிடியா போன்றவை விந்து, பெண்ணுறுப்புத் திரவம் வழியாகப் பரவுகிறவை. இவற்றை உறை நன்றாகவே தடுக்கும். ஹெர்பிஸ், சிபிலிஸ், எச்.பி.வி. (கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் வைரஸ்) ஆகியவை தோலோடு தோல் உரசினாலே பரவும். உறை மூடாத இடத்தில் புண்ணோ கிருமியோ இருந்தால் அது தடுக்காது. ஆபத்து குறையும், முழுதாகப் போகாது. எச்.பி.வி.க்குத் தடுப்பூசி இருக்கிறது, அதைத் தனியாக டாக்டரிடம் கேளுங்கள்.

கடைசி நேரத்தில் வெளியே எடுத்து விட்டால் போதாதா?

போதாது. அந்த முறையை நம்பும் 100 ஜோடிகளில் சுமார் 20 பேருக்கு ஒரு வருடத்துக்குள் கர்ப்பம் ஆகிறது. நோய்க்குப் பாதுகாப்பு அறவே கிடையாது. "முதலில் சும்மா, கடைசியில் உறை" என்பதும் இதே வகைதான். விந்து வருவதற்கு முன்னால் கசியும் நீரிலேயே கிருமி இருக்கலாம், சிலருக்கு விந்தணுவும் இருக்கலாம். உறுப்புகள் ஒன்றையொன்று தொடும் முன்பே போட வேண்டும்.

தேங்காய் எண்ணெய் தடவலாமா? வீட்டில் ஆட்டின சுத்தமான எண்ணெய்தானே?

கூடாது. இந்த மாவட்டத்தில் வேறு எதையும் விட இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஈத்தாமொழித் தேங்காய் ஒரு பக்கம், குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை ரப்பர் இன்னொரு பக்கம் என்று இரண்டும் நமக்குச் சோறு போடுகின்றன. ஆனால் இரண்டையும் ஒன்று சேர்த்தால் ரப்பர் தோற்றுப் போகும். கடையில் விற்கும் ஆணுறைகளில் பெரும்பாலானவை லேடெக்ஸ், அதாவது விடியற்காலையில் மரத்தில் வெட்டி எடுக்கிற அதே பால். எண்ணெய் அதற்குள் ஊறி உப்ப வைத்து, இழுத்தால் தாங்கும் பலத்தைக் குறைத்து விடும். மோசம் என்னவென்றால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் மினரல் ஆயில் ஒரு நிமிடம் பட்டதுமே உறையின் பலம் சுமார் 90 சதவீதம் போயிருக்கிறது. நம்பாதவர்கள் ஒரு உறையை ஊதிக் கட்டி, மேலே கொஞ்சம் எண்ணெய் தேய்த்து வைத்துப் பாருங்கள். சற்று நேரத்தில் டப்பென்று வெடித்து விடும்.

தேங்காய் எண்ணெய் என்று ஒன்றை மட்டும் சொல்லவில்லை. நல்லெண்ணெய், நெய், வாசலின், பேபி ஆயில், உடம்புக்குப் போடும் லோஷன், வலித் தைலம் எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும். இன்னொன்றையும் மறந்து விடுகிறோம். தலைக்கும் உடம்புக்கும் எண்ணெய் தேய்க்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்தக் கையோடு உறையைத் தொட்டாலும் எண்ணெய் எண்ணெய்தான். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து விட்டுத் தொடுங்கள். வெள்ளைப்படுதலுக்கு உள்ளே வைக்கும் மாத்திரை, கிரீம் சிலவற்றிலும் எண்ணெய்ப் பசை இருக்கிறது. அந்த மருந்து போடுகிற நாட்களில் உறையை நம்பலாமா என்று மருந்து எழுதிய டாக்டரிடம் கேட்டு விடுங்கள், இல்லையென்றால் அந்த நாட்களில் உறவைத் தள்ளி வையுங்கள்.

வழுவழுப்பு வேண்டுமென்றால் தண்ணீர் கலந்த ஜெல் இருக்கிறது. கே-ஒய் ஜெல்லி என்று கேட்டால் பல கடைகளில் தெரியும். சிலிக்கான் ஜெல்லும் லேடெக்ஸுக்கு ஆகாது என்று இல்லை, போடலாம். எச்சில் உறையைக் கெடுக்காது, ஆனால் சீக்கிரம் காய்ந்து விடும், சில கிருமிகளையும் கொண்டு போகும். குழந்தை பெற்றுப் பாலூட்டும் பெண்களுக்கும், மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்களுக்கும் உள்ளே வறண்டிருக்கும், அவர்களுக்கு ஜெல் பெரிய உதவி. பின்வழி உறவுக்கு ஜெல் இல்லாமல் ஆகவே ஆகாது. அங்கே இயற்கையான ஈரம் கிடையாது, உரசிக் கிழிகிற வாய்ப்பு அதிகம்.

சைஸ் பார்க்க வேண்டுமா?

பார்க்க வேண்டும். நீளம் பற்றிக் கவலை வேண்டாம், எல்லா உறையும் போதுமான நீளம்தான், மிச்சம் அடியில் சுருண்டு கிடக்கும். அகலம்தான் விஷயம். பெட்டியில் மில்லிமீட்டரில் ஒரு எண் அச்சிட்டிருப்பார்கள். அது உறையைத் தட்டையாக வைத்தால் இருக்கும் அகலம். நம் கடைகளில் 49 முதல் 56 வரை கிடைக்கும், அதிகம் போவது 52, 53. விறைப்பாக இருக்கும்போது நடுவில் ஒரு நூலைச் சுற்றி அளந்து, அதில் பாதியை எடுத்து, சில மில்லிமீட்டர் குறைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு பதினொன்றரை சென்டிமீட்டர் என்றால் 52, 53 பொருந்தும்.

அளக்க மனமில்லையா, சரி, போட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். உருட்டும்போதே மல்லுக்கட்ட வேண்டியிருந்தால், அடியில் வளையம் பதிந்து வலித்தால் ஒரு சைஸ் பெரியது வேண்டும். நடுவில் வழுக்கி இறங்கினால் சின்னது. "பெரியதாகக் கொடுங்கள்" என்று கௌரவத்துக்காகக் கேட்டு வாங்கிப் போகிறவர்கள் உண்டு. அதைப் போட்டு உள்ளேயே கழன்று விழுந்தால் கௌரவம் காப்பாற்றாது.

புள்ளி வைத்தது, மெல்லியது, வாசனை போட்டது, நேரம் நீடிப்பது. எதை வாங்குவது?

புள்ளி, வரி எல்லாம் சுகத்துக்காக, பாதுகாப்பில் வித்தியாசம் இல்லை. மெல்லியதும் அதே சோதனைகளைத் தாண்டித்தான் வருகிறது, முறையாகப் போட்டால் தாங்கும். வாசனை, ஃப்ளேவர் போட்டவை வாய்வழி உறவுக்கென்று செய்தவை. பெண்ணுறுப்பில் அந்த வாசனைப் பொருள் சிலருக்கு அரிக்கும், ஒத்துக்கொண்டால் சரி.

நேரம் நீடிப்பதாகச் சொல்லி விற்பதில் உட்பக்கம் மரத்துப் போக வைக்கும் மருந்து இருக்கிறது, பென்சோகெயின் அல்லது லிடோகெயின். பல்லைப் பிடுங்கும் முன்னால் மரக்க வைப்பதும் இந்த வகை மருந்துதான். தலைகீழாகப் போட்டால் மரத்துப் போவது மனைவிக்கு! சிலருக்கு எரிச்சலும் வரும். எப்போதாவது என்றால் பரவாயில்லை. ஒவ்வொரு முறையும் இது இல்லாமல் முடியாது என்றால் விளம்பரத்தை நம்புவதை விட டாக்டரைப் பார்ப்பது செலவு குறைவு. விந்தணுக் கொல்லி தடவியது என்று போட்டிருந்தால் தவிர்த்து விடுங்கள். அதில் இருக்கும் நோனாக்ஸினால்-9 அடிக்கடி பட்டால் உட்தோலைப் புண்ணாக்கும், எச்.ஐ.வி. தொற்ற வழி கூடும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுப்பது தரமானதா?

தரமானது. இலவசம் என்றாலே மட்டம் என்று நமக்கு ஒரு நினைப்பு. இந்தியாவில் ஆணுறை மருந்துச் சட்டத்துக்குள் வருகிற பொருள். இலவசமோ, பெட்டி நூறு ரூபாய்க்கு விற்பதோ, ஓட்டை இருக்கிறதா, எவ்வளவு காற்று ஊதினால் வெடிக்கிறது என்கிற சோதனைகளைத் தாண்டியே ஆக வேண்டும். இலவசத்தில் வாசனை இருக்காது, பாக்கெட் அழகாக இருக்காது, கொஞ்சம் தடிமனாகத் தோன்றலாம். அவ்வளவுதான்.

இதில் நம் பக்கத்து ஊர்க் கதை ஒன்று உண்டு. அரசாங்கம் 1968-இல் நிரோத் என்ற பெயரில் மானிய விலையில் விற்கத் தொடங்கியது. மூன்று உறை 15 பைசா. முதலில் வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. இங்கேயே செய்ய இந்துஸ்தான் லேடெக்ஸ் என்ற அரசு நிறுவனத்தை 1966-லேயே தொடங்கி, திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் ஆலை வைத்தார்கள். ஜப்பான்காரர்களின் தொழில்நுட்பத்தில் 1969-இல் உற்பத்தி ஆரம்பமானது. களியக்காவிளையிலிருந்து பஸ் ஏறினால் போய் விடுகிற தூரம். வயதானவர்கள் இன்றும் எந்தக் கம்பெனி உறையையும் நிரோத் என்றுதான் கேட்கிறார்கள்.

ரப்பர் வேலை தெரிந்தவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. ஷீட் அடிக்கப் பாலில் ஆசிட் விட்டு உறைய வைப்போம். உறை செய்ய அப்படி உறையக் கூடாது. அம்மோனியா சேர்த்துக் கெடாமல் வைத்து, இயந்திரத்தில் சுழற்றி, ரப்பர் 60 சதவீதம் இருக்கும்படி கெட்டியாக்கி, அதில் கண்ணாடி அச்சை முக்கி எடுக்கிறார்கள். காய வைத்து, கந்தகத்தோடு சூட்டில் பதப்படுத்திய பிறகு ஒவ்வொரு உறையையும் மின்சாரச் சோதனையில் விட்டுப் பார்ப்பார்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. கடத்தினால் எங்கோ ஊசித் துளை இருக்கிறது என்று அர்த்தம், அது கழிவுக்குப் போய் விடும்.

பர்ஸில், பைக் பெட்டியில், படகில் வைக்கலாமா?

பர்ஸில் ஒரு ராத்திரி இருந்தால் குற்றமில்லை. மாதக் கணக்கில் பின் பாக்கெட்டில் கிடந்தால் உடம்புச் சூடும் உட்காரும் அழுத்தமும் சேர்ந்து மடிப்பில் வெடிப்பு விழும். வெயிலில் நிற்கும் பைக்கின் சீட்டுக்கு அடிப்பெட்டியும் காரின் முன்தட்டும் அதைவிட மோசம். வடசேரி பஸ் ஸ்டாண்டில் பைக்கை நிறுத்தி விட்டுச் சாயங்காலம் திரும்பி வந்து சீட்டில் கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வீட்டில் பீரோவில் துணிக்கு நடுவே வைப்பது நல்லது. சாமான் வைத்திருக்கும் அறையில் எண்ணெய்ப் பாத்திரத்தோடு வேண்டாம்.

தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்துக்காரர்கள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக் கணக்காகும். கரையில் ஒதுங்குகிற இடத்திலேயே புதிதாக வாங்கிக்கொள்வதுதான் நல்லது. படகில் என்ஜின் பக்கம் வைத்த பெட்டி சூட்டில் வாடும், டீசல் பட்ட கையும் ரப்பருக்கு எண்ணெய் பட்ட கைதான்.

காலாவதித் தேதி பெட்டியிலும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் இருக்கும், பொதுவாகச் செய்த நாளிலிருந்து 3 முதல் 5 வருடம். தேதி இருந்தும் பாக்கெட் தட்டையாக, காற்று போனதாக இருந்தால், பிரித்ததும் உறை ஒட்டிக்கொண்டு காய்ந்து கிடந்தால் போட வேண்டாம்.

சரியாகப் போடுவது எப்படி? யாரும் சொல்லித் தந்ததே இல்லை.

சொல்லித் தராததுதான் பிரச்சினையே. தேதியைப் பாருங்கள். பாக்கெட்டை விரலால் அழுத்தினால் உள்ளே காற்று தெரிய வேண்டும். உறையை ஓரத்துக்கு ஒதுக்கி விட்டு, வெட்டுப் பல் இருக்கிற பக்கம் கையால் கிழியுங்கள். பல்லாலும் கத்தரியாலும் கிழிக்கிற அவசரம் வேண்டாம், உறையும் சேர்ந்து கிழியும். இருட்டில் முதல் தடவை முயல்வதை விட, ஆள் இல்லாத நேரம் தனியாக ஒன்றிரண்டு போட்டுப் பழகி விடுவது உத்தமம்.

நன்றாக விறைத்த பிறகு போட வேண்டும். முன்தோல் இருப்பவர்கள் அதைப் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள். உறையின் நுனியில் ஒரு சிறு பை மாதிரி இருக்கும், அதை இரண்டு விரலால் கிள்ளிக் காற்றை வெளியேற்றிப் பிடித்துக்கொண்டே, அடி வரைக்கும் உருட்டி இறக்குங்கள். அந்த இடம் விந்து தங்குவதற்கு. அங்கே காற்று நின்றால் அழுத்தத்தில் வெடிக்க வாய்ப்பு உண்டு. உருட்டு வளையம் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உருளவில்லை என்றால் தலைகீழாக வைத்து விட்டீர்கள். அதைத் திருப்பிப் போடாதீர்கள், நுனியில் ஏற்கெனவே கசிவு பட்டிருக்கும். எறிந்து விட்டு வேறொன்று எடுங்கள். இதற்காகவே கையில் ஒன்றுக்கு இரண்டாக இருக்க வேண்டும். உறையைப் போடுவதற்கு முன் அதன் நுனிக்குள் ஒரு துளி ஜெல் விட்டால் உணர்ச்சி குறைகிறது என்கிற புகார் பாதி போய் விடும். ஒரு துளி போதும், அதிகமானால் கழன்று விடும்.

பலர் கோட்டை விடுவது முடிவில்தான். விந்து வெளியானதும், தளர்வதற்கு முன்பே, அடி வளையத்தைக் கையால் பிடித்துக்கொண்டு வெளியே எடுங்கள். அப்படியே படுத்துக் கிடந்தால் தளர்ந்து, உறை உள்ளேயே நின்று விடும். கழற்றியதும் கையையும் உறுப்பையும் கழுவி விட்டுத்தான் மறுபடியும் நெருங்க வேண்டும். அடுத்த முறைக்குப் புதியது. கழுவிப் பயன்படுத்துகிற வேலை அறவே வேண்டாம்.

பயத்துக்கு இரண்டு உறை சேர்த்துப் போட்டால்?

வேண்டாம். இரண்டும் ஒன்றோடொன்று உரசும். ஒன்று போதும்.

கிழிந்து விட்டது. இப்போது என்ன செய்வது?

பதறாதீர்கள், ஆனால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். கர்ப்ப பயம் என்றால் லெவோனார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. என்ற அவசரக் கருத்தடை மாத்திரை இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு பலன். இது கருக்கலைப்பு மாத்திரை கிடையாது, ஏற்கெனவே தரித்த கர்ப்பத்தை ஒன்றும் செய்யாது. சட்டம் இதைத் தடுக்கவில்லை, ஆனாலும் தமிழ்நாட்டில் பல மருந்துக்கடைகளில் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். அரசு மருத்துவமனையின் குடும்பநலப் பிரிவில் கேளுங்கள், கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். எல்லைப் பக்கம் இருப்பவர்கள் கேரளத்துப் பாறசாலைக் கடைகளிலும் விசாரிக்கலாம். 72 மணி நேரம் தாண்டி விட்டாலும் 5 நாளுக்குள் காப்பர்-டி வைத்தால் கர்ப்பத்தைத் தடுக்கலாம். அதற்குப் பெண் டாக்டரிடம் போக வேண்டும். மாதவிடாய் ஒரு வாரம் தள்ளிப் போனால் சிறுநீரில் டெஸ்ட் எடுத்துப் பாருங்கள். அப்படியே கர்ப்பமாகி விட்டாலும் கருத்தடை தோற்றதைக் காரணமாகச் சொல்லி டாக்டரிடம் கருக்கலைப்புக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது, 2021 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த வைத்தியத்தைச் செய்து பார்க்காதீர்கள்.

எச்.ஐ.வி. பயம் என்றால் நேரம் இன்னும் முக்கியம். பி.இ.பி. என்ற தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், முடிந்தால் சில மணி நேரத்திலேயே. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேரே போய் விடுங்கள், ராத்திரியானாலும் அவசரப் பிரிவு இருக்கும். கிழிந்த இடத்தில் டெட்டால் ஊற்றுவது, உள்ளே சோப்புத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுவது எல்லாம் தோலைப் புண்ணாக்கும், பலன் ஒன்றும் இல்லை.

உள்ளேயே கழன்று மாட்டிக்கொண்டால் வயிற்றுக்குள் போய் விடுமா?

போகாது. பெண்ணுறுப்பின் மேல் முனையில் கருப்பை வாய் இருக்கிறது, அதன் துவாரத்தில் உறை நுழையாது. கையைக் கழுவி, குந்தி உட்கார்ந்து, லேசாக முக்கிக்கொண்டு இரண்டு விரலால் எடுத்து விடலாம். வரவில்லை என்றால் நர்ஸிடம் போங்கள், அவர்களுக்கு இது புதிதல்ல. எடுத்த பிறகு மேலே சொன்ன மாத்திரை விஷயத்தையும் பாருங்கள்.

போட்டாலே அரிக்கிறது, தடிக்கிறது.

ரப்பர் அலர்ஜியாக இருக்கலாம். கையுறை போட்டு வேலை பார்க்கும் நர்ஸுகளுக்கும் ரப்பர் பாலில் புழங்குகிறவர்களுக்கும் இது மற்றவர்களை விட அதிகம். பலூன் ஊதினால் உதடு தடிப்பது, கையுறை போட்டால் கை அரிப்பது உண்டா என்று யோசித்துப் பாருங்கள். இல்லையென்றால் முதலில் வாசனையோ மரக்கும் மருந்தோ இல்லாத சாதாரண உறைக்கு மாறிப் பாருங்கள், பலருக்கு அதிலேயே சரியாகி விடும். ரப்பர்தான் காரணம் என்றால் பாலியூரித்தேன், பாலிஐசோப்ரீன் உறைகள் உண்டு. கடையில் எப்போதும் இருக்காது, சொல்லி வைத்தால் வரவழைப்பார்கள். மூச்சுத் திணறல், முகம் வீங்குதல் என்றால் உடனே ஆஸ்பத்திரி.

அவர் கல்ஃபில். வருடத்தில் ஒரு தடவை லீவில் வருகிறார். அதற்காக மாத்திரையோ காப்பர்-டியோ வேண்டுமா?

இந்தக் கேள்வி பெண்கள்தான் கேட்கிறார்கள், பெரும்பாலும் ஆள் வருவதற்கு நாலு நாள் முன்னால். உங்களுக்கு உறை மிக வசதி. முன்கூட்டித் தொடங்க வேண்டாம், விட்ட மறுநாளே குழந்தைக்கு முயற்சி செய்யலாம், உடம்பில் எதுவும் தங்காது. உறை போட்டால் பிறகு பிள்ளை பிறக்காது என்று அத்தை, மாமியார் யாராவது சொன்னால் அதில் உண்மை இல்லை. பால் கொடுக்கும்போதும் தடையில்லை. கணவர் விமானம் ஏறும் முன்பே வாங்கி பீரோவில் வைத்து விடுங்கள். நெடும்பயணம் முடிந்து வந்த ராத்திரி மருந்துக்கடை தேடி யாரும் போகப் போவதில்லை, அங்கேதான் கணக்குத் தவறுகிறது.

போடவே மாட்டேன் என்கிறார்.

கட்டிலில் வைத்துப் பேசினால் நடக்காது. பகலில், கோபம் இல்லாத நேரத்தில் பேசுங்கள். "சுகம் இல்லை" என்றால் சைஸை மாற்றிப் பாருங்கள், மெல்லியதை வாங்குங்கள், ஜெல் சேருங்கள். "என்னை நம்பவில்லையா" என்றால் அது கர்ப்பத்தைத் தள்ளிப் போடுவதற்கு, சந்தேகத்துக்கு இல்லை என்று சொல்லலாம், சண்டை குறையும். எதற்கும் மசியவில்லை என்றால் அவர் கையில் இல்லாத ஒரு முறைக்கு, காப்பர்-டி, ஊசி, மாத்திரை, மாறுவதைப் பற்றி செவிலியரிடம் பேசுங்கள். ஆனால் அவருக்கு வெளித்தொடர்பு இருப்பது தெரிந்தால், நோயிலிருந்து அவை எதுவும் காப்பாற்றாது. மிரட்டியோ அடித்தோ கட்டாயப்படுத்தினால் அது வேறு பிரச்சினை, பெண்கள் உதவி எண் 181-க்கு அழையுங்கள்.

பெண்களுக்கான உறை இருக்கிறதாமே?

இருக்கிறது. இரண்டு முனையிலும் வளையம் உள்ள பை, பெண் தானே உள்ளே வைத்துக்கொள்வது. நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் செய்தது என்றால் எண்ணெய்க்குப் பயப்பட வேண்டாம், முன்னதாகவே வைத்துக்கொள்ளலாம். நடைமுறைப் பயன்பாட்டில் தோற்பது ஆணுறையை விட அதிகம், வருடத்தில் 100-க்கு சுமார் 21. விலையும் கூடுதல், நம் ஊர்க் கடைகளில் அரிதாகத்தான் பார்க்கலாம். ஆணுறையோடு சேர்த்துப் போடக் கூடாது.

கோயிலில் திருமணத் தயாரிப்பு வகுப்பில் இயற்கை முறை மட்டும்தான் சரி என்கிறார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபை செயற்கைக் கருத்தடையை ஏற்பதில்லை, 1968-இல் போப் ஆறாம் பவுல் வெளியிட்ட சுற்றுமடலும் அதை உறுதி செய்தது. நிரோத் வந்ததும் அதே வருடம்தான். அந்த நிலைப்பாட்டைப் பற்றி வாதாட நான் ஆள் இல்லை, உங்கள் மனசாட்சி, உங்கள் குடும்பம். மருந்துக்கடைக்காரனாக ஒன்று சொல்லலாம்: நாள் எண்ணுவது மட்டும் என்றால் மாதவிடாய் ஒழுங்கில்லாத பெண்களுக்குக் கணக்குத் தப்பும். சளியின் தன்மை, உடல் வெப்பம் இரண்டையும் தினமும் குறித்துப் பழகியவர்களுக்கு அது நன்றாக வேலை செய்யும். இரண்டுமே நோயைத் தடுக்காது.

கல்யாணம் ஆகாதவன். கடையில் கேள்வி கேட்பார்களா?

கேட்க உரிமை இல்லை. சீட்டு வேண்டாம், ஆதார் வேண்டாம், தாலி வேண்டாம். ஜி.எஸ்.டி.கூடக் கிடையாது. கடைக்காரர் முறைத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். சொந்த ஊரில் கூச்சம் என்றால் நாகர்கோவிலில் வாங்குங்கள், எங்கள் கடைக்குத் தக்கலையிலிருந்து ஆள் வருவதும் அதற்குத்தான். ஆன்லைனில் வாங்கினால் பெட்டியில் தேதியும் தயாரிப்பாளர் விவரமும் இருக்கிறதா என்று பாருங்கள். பார்சலை வீட்டில் யார் பிரிப்பார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று: இருவரில் ஒருவருக்கு 18 வயது ஆகவில்லை என்றால் சம்மதம் இருந்தாலும் போக்சோ சட்டப்படி குற்றம்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து விட்டேன். இனி வேண்டாமே?

ஆண்களுக்கான ஆபரேஷன் என்றால் இன்னும் 3 மாதம் வேண்டும். குழாயில் மிச்சம் இருக்கும் விந்தணு தீர அவ்வளவு நாள் ஆகும். விந்துப் பரிசோதனையில் சுத்தம் என்று வந்த பிறகு விடலாம்.

எச்.ஐ.வி. டெஸ்ட் எங்கே எடுப்பது? ஊருக்குத் தெரிந்து விடுமா?

அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்று பலகை இருக்கும். பரிசோதனை இலவசம். முன்னும் பின்னும் ஆலோசகர் உட்கார்ந்து பேசுவார். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவோ முடிவை வெளியே சொல்லவோ கூடாது. உறை கிழிந்தது போன்ற சம்பவத்துக்குப் பின் இப்போது ஒரு முறை, 3 மாதம் கழித்து ஒரு முறை எடுங்கள். போக வெட்கமாக இருந்தால் முதலில் 1097-க்குப் போன் செய்து பேசிப் பாருங்கள், கட்டணம் இல்லை. உறுப்பில் புண், சீழ், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருந்தால் அதையும் அங்கேயே சொல்லலாம். கடையில் வந்து "ஒரு ஆன்டிபயாடிக் கொடுங்கள்" என்று கேட்டு அரைகுறையாக விழுங்காதீர்கள். நோய் மறைந்த மாதிரி இருக்கும், போகாது. கூட இருப்பவரும் சேர்ந்து மருந்து எடுத்தால்தான் தீரும்.

பயன்படுத்தியதை எங்கே போடுவது?

முடிச்சுப் போட்டு, பேப்பரில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். கக்கூஸில் போட்டால் அடைக்கும், அடைப்பை எடுக்க வருகிறவர் கையில்தான் அது கிடைக்கும். குளத்தங்கரை, தென்னந்தோப்பு, குழித்துறை ஆற்றுப் பக்கம் வேண்டாம். கொளுத்துவதும் வேண்டாம், ரப்பர் எரியும் நாற்றம் என்னவென்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுக்காரர் என்ன எரிகிறது என்று எட்டிப் பார்ப்பார்.